டாத்தே மசமுனேயும் செண்டாய் கோட்டைநகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாத்தே மசமுனே யார்?

டாத்தே மசமுனே (1567–1636) ஜப்பானின் வடகிழக்குப் பகுதியை ஆண்ட டைமியோ, அதாவது நிலமும் படையும் தம் பெயரில் வைத்திருந்த பெருந்தலைவர். யொனெசாவா கோட்டையில், டாத்தே குலத்தின் 16ஆம் தலைவரான தெருமுனேவுக்கும் மொகாமி குலத்துப் பெண்ணான யோஷிஹிமேவுக்கும் மூத்த மகனாகப் பிறந்தார். இன்று சுமார் 11 லட்சம் மக்கள் வாழும் செண்டாய் நகரைத் தோற்றுவித்தவர் இவரே.

பிறைநிலா பொருத்திய தலைக்கவசமும் ஒற்றைக் கண்ணும்தான் இவரைப் பற்றிப் பெரும்பாலோர் மனத்தில் நிற்கும் உருவம். ஆனால் அவர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து தம் எல்லையை விரிக்கப் போர் செய்த காலம் ஆறு ஆண்டுகள் மட்டுமே. செண்டாயைக் கட்டி வளர்த்த காலமோ 35 ஆண்டுகள். வாளால் அவர் சேர்த்த நிலத்தில் பெரும்பகுதி அவர் கையை விட்டுப் போனது. எஞ்சிய நிலத்தில் அவர் வகுத்த தெருக்களும் வெட்டிய வாய்க்கால்களுமே அவருடைய உண்மையான சாதனை என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் உறுதியான கருத்து.

அவர் ஒரு கண்ணை எப்படி இழந்தார்?

குழந்தைப் பருவத்தில் கண்ட பெரியம்மையால் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். போரில் இழந்ததாகச் சொல்லப்படும் கதைகளுக்கு ஆதாரம் இல்லை. 'ஒற்றைக்கண் டிராகன்' என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிற்காலத்தில் நிலைத்தது. தம் உருவங்களில் இரு கண்களும் இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்ததால், அவர் இறந்த பின் செய்யப்பட்ட சிலைகளிலும் ஓவியங்களிலும் அவரை இரு கண்களுடனேயே காண்கிறோம்.

செண்டாய்க்கு வரும் முன் அவர் எங்கே ஆண்டார்? ஏன் இடம்பெயர நேர்ந்தது?

1584இல் தந்தை விலகிக்கொள்ள, பதினேழு வயதில் குலத் தலைவரானார். அடுத்த ஆண்டே தந்தை தெருமுனே, நிஹொன்மாட்சுக் கோட்டைத் தலைவரான ஹட்டாக்கேயாமா யோஷிட்சுகுவால் கடத்தப்பட்டு, அந்தக் குழப்பத்தில் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்த போர்களில் மசமுனே மிக வேகமாக விரிந்தார். 1589இல் சுரியாகெஹாரா போர்க்களத்தில் அஷினா குலத்தைத் தோற்கடித்து, செழிப்பான ஐசு வட்டாரத்தைக் கைப்பற்றியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. வடகிழக்கு ஜப்பானில் அவரை விடப் பெரிய தலைவர் அப்போது யாரும் இல்லை.

அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. நாடு முழுவதையும் ஒரு குடையின் கீழ்க் கொண்டுவந்துகொண்டிருந்த டொயொட்டோமி ஹிதேயோஷி, தலைவர்கள் தங்களுக்குள் போர் செய்யக் கூடாது என்று ஏற்கெனவே தடை விதித்திருந்தார். 1590இல் ஒடவாரா கோட்டையை முற்றுகையிட்ட அவர், எல்லாத் தலைவர்களையும் அங்கே வரச் சொன்னார். மசமுனே தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். சாவுக்குத் துணிந்தவர் உடுத்தும் வெள்ளை உடையில் ஹிதேயோஷியின் முன் நின்றார் என்று மரபு சொல்கிறது. உயிர் தப்பியது, ஐசு பறிபோனது. அடுத்த ஆண்டு, வடக்கே அண்டை நிலத்தில் வெடித்த ஒரு கிளர்ச்சியை அவரே தூண்டினார் என்ற சந்தேகம் எழுந்து, பிறந்த ஊரான யொனெசாவாவும் பிடுங்கப்பட்டது. அதற்கு ஈடாக, அதே கிளர்ச்சியால் பாழ்பட்டுக் கிடந்த வடக்கு நிலங்கள் கொடுக்கப்பட்டன. 1591இல் அவர் இவாதேயாமா என்ற சிறிய மலைக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கும் அவர் அதிகம் தங்கவில்லை. ஹிதேயோஷியின் ஆணைப்படி கியோட்டோவிலும் புஷிமியிலும் பல ஆண்டுகள் இருக்க வேண்டியிருந்தது. 1593இல் படையுடன் கொரியாவுக்கும் போனார். இந்த அலைச்சலுக்கு ஒரு பயன் இருந்தது. அன்றைய ஜப்பானின் மிகப் பெரிய கட்டுமானங்களையும், மலையடியில் ஒரு புதிய நகரை எப்படி வகுக்கிறார்கள் என்பதையும், எந்தத் தச்சரும் ஓவியரும் சிறந்தவர்கள் என்பதையும் அவர் நேரில் கண்டார். செண்டாயில் அவர் செய்தவற்றுக்கு வேர் அந்த ஆண்டுகளில் இருக்கிறது.

அவர் கொடூரமானவர் என்று சொல்லப்படுவது உண்மையா?

1585இல் ஒதேமோரி கோட்டையைப் பிடித்தபோது, போர்வீரர்கள் மட்டுமன்றிப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாக மசமுனேவே தம் மாமனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. கொலை நடந்ததை யாரும் மறுப்பதில்லை. அண்டைத் தலைவர்களை அச்சுறுத்துவதற்காகவே செய்யப்பட்ட செயல் அது. நகரைக் கட்டிய கையும் இதைச் செய்த கையும் ஒன்றே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

தம்பி கோஜிரோவை 1590இல் அவர் கொன்றதாகவும், தாய் தமக்கு நஞ்சு வைக்க முயன்றதே காரணம் என்றும் குலத்தின் பழைய பதிவு கூறுகிறது. தாய் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அவருடன் இணக்கமாக இருந்ததை அவர்களுடைய கடிதங்கள் காட்டுவதால், இந்தக் கதையை இன்று பலரும் ஐயத்துடனேயே பார்க்கிறார்கள்.

செண்டாய் இருக்கும் இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்?

1600இல் டோக்குகாவா இயெயாசுவுக்கும் அவருடைய எதிரிகளுக்கும் நடந்த பெரும்போரில் மசமுனே இயெயாசுவின் பக்கம் நின்று, உயெசுகி குலத்திடமிருந்து ஷிரோயிஷி கோட்டையைப் பிடித்தார். வெற்றி பெற்றால் பழைய நிலங்கள் பலவற்றைத் திருப்பித் தருவதாக இயெயாசு எழுத்திலேயே வாக்களித்திருந்தார். ஆனால் அண்டையிலுள்ள நம்பு குலத்தின் நிலத்தில் மசமுனே கிளர்ச்சியைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததால் அந்த வாக்கு நிறைவேறவில்லை. ஷிரோயிஷியும் அதைச் சுற்றிய வட்டமும் மட்டுமே கிடைத்தன. ஆக, இனி எல்லையை விரிக்க வழியில்லை, இருப்பதை வளர்க்கத்தான் வேண்டும் என்ற நிலையில்தான் புதிய தலைநகரைப் பற்றிய எண்ணம் வந்தது.

இவாதேயாமா வடக்கே ஒதுங்கிக் கிடந்தது. அவருடைய நிலப்பரப்போ தெற்கே ஷிரோயிஷி வரை நீண்டிருந்தது. உயெசுகி குலத்தின் எல்லைக்கு அருகிலும், எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) வடக்கே செல்லும் ஓஷு நெடுஞ்சாலையின் மீதும், கடலுக்கு எட்டும் தொலைவிலும் ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. ஆவோபா மலை இந்த மூன்றுக்கும் பொருந்தியது. அதன் கிழக்கே ஹிரோசே ஆறு வளைந்து ஓடுகிறது. தெற்கே தட்சுனோகுச்சி என்ற ஆழமான பள்ளத்தாக்கு. மேற்கே அடர்ந்த காட்டு மலைகள். ஆற்றுக்கு அப்பால் கிழக்கு நோக்கி அகலமான மேட்டுநிலமும், அதற்கும் அப்பால் கடல் வரை பரந்த சமவெளியும் விரிகின்றன. முன்பு கொக்குபுன் குலத்தார் வைத்திருந்த ஒரு பழைய கோட்டை அந்த மலையில் ஏற்கெனவே இருந்தது. இடத்தின் பெயர் எழுதப்படும் முறையை மாற்றி, அழியாத சித்தர்கள் வாழும் மேடை என்ற பொருள் தரும் எழுத்துகளைச் சூட்டியவர் மசமுனே.

கோட்டை எப்படிப்பட்டது? அதற்கு ஏன் உயர்ந்த கோபுரம் இல்லை?

இயெயாசுவின் ஒப்புதலுடன் 1601இன் தொடக்கத்தில் அளவைப் பணியும், அதையொட்டிக் கட்டுமானமும் தொடங்கின. 1602இல் கோட்டை பெரும்பாலும் உருப்பெற்றது. மலையுச்சியில் அமைந்த உள்கோட்டை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் நின்றது. கிழக்கும் தெற்கும் செங்குத்தான பாறைகள். வடபுறத்தில் மட்டும் 17 மீட்டர் உயரத்துக்குக் கல்மதில் எழுப்பப்பட்டது. 1990களின் இறுதியில் தொடங்கிய பழுதுபார்ப்புப் பணியின்போது, இன்றைய மதிலுக்குப் பின்னால் இரண்டு பழைய மதில்கள் புதைந்திருப்பது தெரிந்தது. அவற்றுள் மிகப் பழையது மசமுனேவின் காலத்தது. நிலநடுக்கங்களில் சரிந்தபோதெல்லாம் மேலே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானியக் கோட்டை என்றால் பல அடுக்கு வெள்ளைக் கோபுரம் நினைவுக்கு வரும். செண்டாய்க் கோட்டையில் அந்த முதன்மைக் கோபுரத்தை மசமுனே கட்டவே இல்லை. 1600 போரில் வென்று நாட்டை ஆண்ட டோக்குகாவா ஆட்சியின் சந்தேகத்தைத் தவிர்க்க விரும்பினார் என்பது ஒரு விளக்கம். மலையே கோபுரமாக நின்றதால் தேவைப்படவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே அந்த முடிவைத் தந்திருக்க வேண்டும். கோபுரத்துக்குப் போயிருக்கக்கூடிய பொருளும் உழைப்பும் பெருமண்டபத்துக்குப் போயின. பொன்தகடு பதித்த திரைகளும் ஓவியங்களும் நிறைந்த அந்த மண்டபத்தில்தான் அவர் தம் அடியார்களையும் (தமக்குப் பணிபுரிந்த சாமுராய்களையும்) தூதர்களையும் சந்தித்தார். பாறை விளிம்பில் தூண்களின் மேல் அந்தரத்தில் நீட்டிக் கட்டிய மற்றொரு மாளிகையிலிருந்து நகர் முழுவதையும் பார்க்க முடிந்தது.

கோட்டைநகர் என்றால் என்ன? செண்டாய் எப்படி வகுக்கப்பட்டது?

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜப்பானின் பெருந்தலைவர்கள் தம் போர்வீரர்களைக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்து கோட்டையைச் சுற்றிக் குடியேற்றினர். அவர்களுக்கு வேண்டிய பொருள்களைத் தரும் வணிகரும் கைவினைஞரும் உடன் குடியேற்றப்பட்டனர். இப்படித் திட்டமிட்டு உண்டான ஊரே கோட்டைநகர். இன்றைய ஜப்பானின் மாநிலத் தலைநகரங்களில் பல இவ்வாறு பிறந்தவைதான்.

செண்டாயின் அமைப்புக்கு இரண்டு கோடுகளே அடிப்படை. கோட்டையின் பெருவாயிலிலிருந்து புறப்பட்டு, ஹிரோசே ஆற்றின் மீதான பெரிய பாலத்தைக் கடந்து நேராகக் கிழக்கே போகும் தெரு ஒன்று. அதைக் குறுக்கே வெட்டி வடக்கு–தெற்காகச் செல்லும் ஓஷு நெடுஞ்சாலை மற்றொன்று. இரண்டும் சந்திக்கும் பஷோ-நோ-சுஜி என்ற நாற்சந்தி நகரின் நடுப்புள்ளி ஆயிற்று. அரசு அறிவிப்புப் பலகைகள் அங்கேதான் நிறுத்தப்பட்டன. இந்த இரு தெருக்களின் ஓரங்களை வணிகருக்குக் கொடுத்து, அவற்றுக்குப் பின்னால் விரிந்த பெரிய பரப்பைச் சாமுராய்களுக்குப் பங்கிட்டார்கள்.

பங்கீட்டில் ஒழுங்கு கண்டிப்பானது. உயர்ந்த அடியார்களுக்குக் கோட்டைக்கு அருகே பெரிய மனைகள்; தகுதி குறையக் குறைய மனையும் சிறுத்து, தொலைவும் கூடியது. வணிகர் மனை ஒவ்வொன்றும் தெருப்பக்கம் ஆறு கென் அகலமும் உள்ளே இருபத்தைந்து கென் நீளமும் கொண்டது, அதாவது ஏறத்தாழ 11 மீட்டருக்கு 45 மீட்டர். முன்னால் கடை, பின்னால் வீடும் கிடங்கும் தோட்டமும். டாத்தே குலத்துடன் யொனெசாவாவிலிருந்தும் இவாதேயாமாவிலிருந்தும் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து வந்த வணிகர்களுக்கு ஓமாச்சி முதலிய ஆறு தெருக்களைத் தந்து, தனி உரிமைகளையும் மசமுனே வழங்கினார். மீண்டும் மீண்டும் தலைநகர் மாறியும் தலைவரைக் கைவிடாத குடிகள் அவர்கள். அந்த விசுவாசத்தை அவர் மறக்கவில்லை என்பது இந்த ஏற்பாட்டில் தெரிகிறது. இந்த இடத்தில் முன்பே இருந்த கொக்குபுன் குலத்தின் ஆட்களை விரட்டாமல் அவர்களுக்கும் கொக்குபுன்மாச்சி என்ற தெருவைக் கொடுத்தார். இன்று அது வடகிழக்கு ஜப்பானின் மிகப் பெரிய இரவுக் கேளிக்கைப் பகுதி.

கொல்லர், சாயக்காரர், தச்சர் ஆகியோருக்குத் தனித்தனித் தெருக்கள் இருந்தன. நகருக்குள் நுழையும் வழிகளில் கீழ்நிலைக் காலாட்படையினர் குடியேற்றப்பட்டனர்; வடக்கு நுழைவாயிலான சுட்சுமிமாச்சியில் இருந்த அந்தக் குடும்பங்கள் பின்னாளில் மட்பாண்டமும் மண்பொம்மையும் செய்து பெயர்பெற்றன. வடக்கே கித்தயாமா குன்றுகளிலும் தென்கிழக்கே ஷின்தேரா பகுதியிலும் பௌத்த ஆலயங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. வழிபாட்டுக்கு மட்டுமன்றி, தாக்குதல் வந்தால் படை தங்கவும் அவற்றின் பெரிய வளாகங்கள் பயன்படும் என்பது அன்றைய நகரமைப்பின் கணக்கு.

நகருக்குத் தண்ணீர் எப்படி வந்தது?

ஹிரோசே ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் நகருக்கு அது நேரடியாக உதவவில்லை. நகர் அமைந்த இடம் ஆறு காலங்காலமாக அரித்து உண்டாக்கிய படிமேடு. ஆற்றின் நீர்மட்டம் கரையிலிருந்து வெகு ஆழத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஆற்றிலிருந்து இறைத்து எடுப்பது நடவாத காரியம். தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற முடியாவிட்டால், மேட்டை விட உயரமான இடத்திலேயே அதைப் பிடித்து இறக்கிவிட வேண்டும்.

அதைத்தான் செய்தார்கள். நகருக்கு மேற்கே, ஆற்றின் மேற்பகுதியில் கோரொக்கு என்ற இடத்தில் நீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டிச் சுரங்கமும் வாய்க்காலுமாகக் கொண்டுவந்து, நகரின் மேற்கு விளிம்பிலிருந்து தெருத்தெருவாகப் பிரித்துவிட்டார்கள். இதுவே யொட்சுயா வாய்க்கால். நிலம் கிழக்கு நோக்கி மெல்லச் சரிவதால் நீர் தானாகவே எல்லாத் தெருக்களிலும் ஓடியது. தெருவின் நடுவிலோ ஓரத்திலோ ஓடிய அந்த நீரோட்டம் வீட்டுப் பயன்பாட்டுக்கும், மரவீடுகள் நெருங்கிய ஊரில் தீயணைக்கவும், குளிர்காலத்தில் தெருப் பனியைத் தள்ளிவிடவும், கடைசியில் ஊருக்கு வெளியே வயல்களுக்குப் பாயவும் பயன்பட்டது. வேறு வாய்க்கால்களும் உண்டு: தென்கிழக்கே ஓடிய ஷிச்சிகோ வாய்க்காலின் கரையில் சாயக்காரர்கள் குடியிருந்து துணி அலசினார்கள்.

யொட்சுயா வாய்க்காலை அமைத்தவர் என்று மரபாகச் சொல்லப்படுபவர் கவாமுரா மகொபேய். மேற்கு ஜப்பானில் மோரி குலத்திடம் பணியாற்றியவர்; 1600ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அக்குலம் தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்ததால் தலைவரின்றி நின்றவர். மசமுனே அவரை அழைத்து, விளைநிலம் தர முன்வந்தபோது, அது வேண்டாம், தரிசைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, அதைத் திருத்திப் பல மடங்கு விளையச் செய்தார் என்று ஒரு வழக்கு உண்டு. இப்படிப்பட்ட ஒருவரைக் கண்டறிந்து, குலம் பார்க்காமல் பெரும்பணிகளை ஒப்படைத்ததே மசமுனேவின் ஆட்சித் திறனுக்கு நல்ல சான்று.

இவ்வளவு பெரிய நகருக்கு உணவும் வருவாயும் எங்கிருந்து வந்தன?

டாத்தே குலத்தின் நிலம் 6,20,000 கோக்கு என்று மதிப்பிடப்பட்டது. ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி. ஒருவருக்கு ஓராண்டு உணவு என்று கருதப்பட்ட அளவு. டோக்குகாவா குலத்தை விட்டுவிட்டால், மாயேதா, ஷிமாசு குலங்களுக்கு அடுத்து நாட்டில் மூன்றாவது பெரிய நிலப்பகுதி இது. ஆயினும் பெரிய நிலம் இருந்த காலத்தில் சேர்ந்த அடியார்களைக் குறைந்த நிலத்தில் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மசமுனே கண்ட வழி, தரிசைத் திருத்துவது. பல டைமியோக்கள் அடியார்களுக்கு அரிசியாகச் சம்பளம் தரத் தொடங்கிய காலத்தில், இவர் நிலமாகவே கொடுத்தார். அதில் சதுப்பும் புதருமான இடங்களையும் சேர்த்துக் கொடுத்து, திருத்தி விளைவித்தால் அதை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். அதனால் அடியார்கள் ஒவ்வொருவரும் தம் ஆட்களுடன் கழனி திருத்துபவர்களாக மாறினர்.

பெரிய தடை ஆறுகள்தான். வடக்கேயிருந்து வரும் கிட்டகாமி ஆறும் அதன் பக்கத்து ஆறுகளும் வெள்ளக் காலங்களில் சமவெளியை மூழ்கடித்தன. மகொபேய் 1620களில் கிட்டகாமி, ஹசாமா, எயாய் ஆகிய மூன்று ஆறுகளையும் ஒன்றாக இணைத்து இஷினோமாக்கியில் கடலுடன் சேர்த்தார். 1626இல் பணி முடிந்தது. ஒரே வேலையால் மூன்று பயன்கள்: வெள்ளம் தணிந்தது, சதுப்புகள் வயலாயின, ஆற்றின் மேற்பகுதி நிலங்களில் விளைந்த அரிசி படகில் நேரே துறைமுகத்துக்கு வந்தது. வடக்கே இருந்த நம்பு குலத்தின் அரிசிகூட இதே ஆற்றில் இறங்கி வந்தது. இஷினோமாக்கியிலிருந்து கப்பல்கள் எடோவுக்குச் சென்றன. பெருகிக்கொண்டிருந்த எடோ மக்கள் உண்ட அரிசியில் செண்டாய் அரிசிக்குப் பெரும் பங்கு இருந்தது. குடியானவர்களிடம் வரி போக மிஞ்சிய அரிசியை அரசே முன்பணம் கொடுத்து வாங்கி எடோவில் விற்கும் முறையும் வளர்ந்தது. குலத்தின் கருவூலம் இதனால் நிறைந்தது. ஆனால் குளிர் மிகுந்து விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் உள்ளூரில் கையிருப்பு இல்லாமல் போகவும் பின்னாளில் இதே முறை காரணமாயிற்று.

கடலோரத்தில், அபுக்குமா ஆற்றின் முகத்திலிருந்து நட்டோரி ஆறு வரை, கடற்கரைக்கு இணையாகச் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாயும் அவர் காலத்திலேயே வெட்டப்பட்டது. புது நகருக்கு வேண்டிய மரங்களைக் கடல் அலைகளுக்கு அஞ்சாமல் கொண்டுவர அது உதவியது. அதைத் தொடர்ந்து பிற்காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்களுடன் சேர்த்து, மெய்ஜி காலத்தில் (1868–1912) அதற்குத் தெய்சான் கால்வாய் என்று பெயரிட்டார்கள். தெய்சான் என்பது மசமுனேவுக்கு இறப்புக்குப் பின் வழங்கிய பெயர்.

செண்டாயை 'மரங்களின் நகர்' என்று அழைப்பதற்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சாமுராய்களின் மனைகளில் பழமரங்களும் மூங்கிலும், காற்றைத் தடுக்க உயர்ந்த மரங்களும் நடுமாறு அவர் ஊக்குவித்தார். பஞ்சத்தில் உணவு, வீடு கட்ட மரம், எரிக்க விறகு என்று ஒவ்வொரு மனையும் தன் தேவையில் ஒரு பகுதியைத் தானே பார்த்துக்கொண்டது. மனைகள் பெரியவையாக இருந்ததால் நகரே தோப்புக்குள் இருப்பது போலத் தோன்றியது. 'மரங்களின் நகர்' என்ற பெயர் மெய்ஜி காலத்தில் பரவியபோது மக்கள் குறித்தது இந்தத் தோட்டங்களையே. இன்று படங்களில் காணும் ஜோசென்ஜி சாலையின் மரவரிசை இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடப்பட்டது.

கலைக்கும் வழிபாட்டுக்கும் அவர் என்ன செய்தார்?

1607இல் முடிந்த ஓசாக்கி ஹாச்சிமான் ஆலயம் இன்றும் அப்படியே நிற்கிறது. ஜப்பானின் தேசியப் புதையல்களில் ஒன்று. கருமெருகிட்ட மரமும், பொன்னும், வண்ணம் தீட்டிய சிற்பங்களும் சேர்ந்த அந்தக் கட்டடத்துக்காகக் கியோட்டோ பகுதியிலிருந்து தச்சரையும் கைவினைஞரையும் வரவழைத்தார். மட்சுஷிமாவிலுள்ள ஸுய்கான்ஜி மடாலயத்தை 1604 முதல் 1609 வரை புதுப்பித்தபோது, நல்ல மரத்தைத் தொலைவிலுள்ள குமானோ மலைகளிலிருந்து கடல்வழியே கொண்டுவந்தார். பறிபோன நிலங்களால் குன்றிய குலப் பெருமையைத் தலைநகரின் கலையால் ஈடுசெய்ய நினைத்தார் என்று இவற்றைப் பார்க்கும்போது தோன்றுகிறது. தேநீர்க் கலையிலும் நோ நாடகத்திலும் கவிதையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

1611ஆம் ஆண்டுச் சுனாமியும் ஐரோப்பாவுக்குச் சென்ற கப்பலும் எப்படித் தொடர்புடையவை?

1611 டிசம்பர் 2 அன்று பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் இக்கடற்கரையைத் தாக்கின. மசமுனேவின் நிலத்தில் மட்டும் 1,783 பேர் இறந்ததாகப் பதிவு உள்ளது. அப்போது அக்கடலில் கரையை அளந்துகொண்டிருந்த ஸ்பெயின் நாட்டவர் செபஸ்டியான் விஸ்கைனோ அதை நேரில் கண்டு எழுதிவைத்தார்.

இரண்டே ஆண்டுகளில் மசமுனே ஒரு பெருங்கப்பலைக் கட்டினார். சான் ஹுவான் பவுதிஸ்தா என்ற அந்தக் கப்பல் 1613 அக்டோபர் 28 அன்று இஷினோமாக்கிக்கு அருகிலுள்ள சுகினோவூரா துறையிலிருந்து சுமார் 180 பேருடன் புறப்பட்டது. தூதுக்குழுவின் தலைவர் ஹசேக்குரா சுனேநாகா. வழிகாட்டி பிரான்சிஸ்கன் துறவி லூயிஸ் சொதேலோ. மெக்சிகோவுடன் நேரடி வணிகம் செய்வதே நோக்கம். அதற்குக் கைம்மாறாகத் தம் நிலத்துக்கு மறைபரப்புநரை அனுப்புமாறு கேட்டார். பேரிடரில் நொறுங்கிய நாட்டைத் தூக்கி நிறுத்தும் முயற்சியின் ஒரு பகுதியாக இப்பயணத்தைக் காணும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஹசேக்குரா 1615இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பையும், அதே ஆண்டின் இறுதியில் ரோமில் போப் ஐந்தாம் பவுலையும் சந்தித்தார். வணிக ஒப்பந்தம் கைகூடவில்லை. 1620இல் அவர் செண்டாய் திரும்பியபோது ஜப்பானில் கிறித்தவம் தடைசெய்யப்பட்டிருந்தது. அவர் கொண்டுவந்த ரோம் குடியுரிமைப் பட்டயம் முதலியவை செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. 2013இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

அப்படியானால் அவர் கிறித்தவர்களைக் காப்பாற்றினாரா?

தொடக்கத்தில் இடம் கொடுத்தார், இறுதியில் கைவிட்டார். ஷோகுனின், அதாவது நாட்டை ஆண்ட டோக்குகாவா குலத் தலைவரின், தடை இறுகியதும் தம் நிலத்திலும் தடையை அறிவித்தார். 1624 பிப்ரவரியில் போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி தியோகோ கர்வாலோவும் ஜப்பானியக் கிறித்தவர் சிலரும் ஹிரோசே ஆற்றங்கரையில், உறைபனிக் குளிரில் நீருக்குள் நிறுத்தப்பட்டு உயிரிழந்தனர். கோட்டைக்குக் கீழேயே நடந்த செயல் இது. மசமுனேவின் வரலாற்றில் இதற்கு மன்னிப்பான விளக்கம் இல்லை.

அவருடைய கடைசி ஆண்டுகள் எப்படிக் கழிந்தன?

1627இல் ஷோகுனின் அனுமதி பெற்று, நகரின் தென்கிழக்கே சமவெளியில் வாக்காபாயாஷி என்ற இடத்தில் அகழியும் மண்மதிலும் சூழ்ந்த ஓர் இருப்பிடத்தை அமைத்தார். மலைக்கோட்டையில் ஏறி இறங்குவது போர்க்காலத்துக்குப் பொருந்தியது. அமைதிக் கால ஆட்சிக்குச் சமவெளியே வசதி. அதைச் சுற்றி நகர் தென்கிழக்காக மேலும் விரிந்தது. தம் காலத்துக்குப் பின் அதைக் கலைத்துவிடுமாறு அவர் சொல்லியிருந்தபடி, மகன் தாதாமுனே அதைக் கலைத்து, மலையடிவாரத்தில் இரண்டாம் கோட்டையைக் கட்டி ஆட்சியை அங்கே மாற்றினார். வாக்காபாயாஷி இருந்த இடத்தில் இப்போது சிறைச்சாலை உள்ளது.

1636இல் உடல்நலம் குன்றிய நிலையிலும் எடோவுக்குப் பயணம் செய்து, மூன்றாம் ஷோகுன் இயெமிட்சுவைக் கண்டபின், அங்குள்ள தம் மாளிகையில் இறந்தார். அடியார் பதினைந்து பேர் தலைவரைத் தொடர்ந்து தம் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

அவருடைய கல்லறையைத் திறந்து பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கியோகமினே குன்றில் 1637இல் கட்டப்பட்ட ஸுய்ஹோடென் என்ற நினைவாலயம் 1945 ஜூலை 10 வான்தாக்குதலில் எரிந்துபோனது. மீண்டும் கட்டும் முன் 1974இல் ஆய்வாளர்கள் கல்லறையைத் திறந்தனர். எலும்புகளிலிருந்து அவருடைய உயரம் 159.4 சென்டிமீட்டர் என்று கணக்கிடப்பட்டது. அக்கால ஆண்களின் சராசரி உயரம் அதுவே. உடன் வைக்கப்பட்டிருந்த பொருள்களில் ஒரு பென்சிலும் இருந்தது. இன்று காணும் ஆலயம் 1979இல் முடிந்தது.

இன்று செண்டாயில் எவற்றைப் பார்க்கலாம்?

1945இல் கோட்டையின் பெருவாயிலும் எரிந்ததால், மசமுனே காலத்துக் கட்டடம் எதுவும் மலைமேல் இல்லை. வடபுறக் கல்மதிலும், குதிரைமேல் அமர்ந்த அவருடைய வெண்கலச் சிலையும் இருக்கின்றன. 1935இல் நிறுவிய முதல் சிலை போர்க்காலத்தில் உலோகத்துக்காக எடுத்துச் செல்லப்பட்டது; இப்போதிருப்பது பழைய அச்சிலிருந்து 1964இல் வார்த்தது, 2022 நிலநடுக்கத்தில் சாய்ந்து பின்னர் சீர்செய்யப்பட்டது.

சிலையோடு திரும்பிவிடாமல், மலையிலிருந்து இறங்கிப் பெரிய பாலத்தைக் கடந்து ஓமாச்சி வழியாகப் பஷோ-நோ-சுஜி வரை நடப்பது நல்லது. கட்டடங்கள் எல்லாம் புதியவை என்றாலும், அந்தத் தெரு 1601இல் வகுத்த கோட்டிலேயே செல்கிறது. நேரம் இருந்தால் அங்கிருந்து வடமேற்கே ஓசாக்கி ஹாச்சிமான் ஆலயத்துக்குச் செல்லலாம். அவர் காலத்திலேயே எழுந்து, தீக்கும் நிலநடுக்கத்துக்கும் தப்பி நிற்கும் நகரின் பெரிய கட்டடங்களுள் அதுவும் ஒன்று.